படமில்லாத மீன்

மணியண்ணையின் பெயர் மணி அல்ல. விசா அட்டையில் நீளமான வேறு பெயர் இருந்தது. பரிஸில் தமிழர் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் அதை அறிந்தவர்கள் மூன்று நான்கு பேர்தான். மற்ற எல்லோருக்கும் அவர் மணியண்ணை.

அவர் திசை சொல்லும் விதத்தால் வந்த பெயர் அது. வலம், இடம், அங்கை, இஞ்சை என்ற சொற்கள் அவர் வாயில் வராது. நீங்கள் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்களோ அது பன்னிரண்டு மணி. உங்கள் வலக்கை மூன்று மணி, இடக்கை ஒன்பது மணி, முதுகு ஆறு மணி. இதை அவர் யாருக்கும் விளக்கியதில்லை. உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்றே நம்பியிருந்தார்.

ஒருநாள் ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவில் ஒரு மரக்கறிக் கடை வாசலில் நின்றோம். ஊரிலிருந்து புதிதாக வந்த பெண் ஒருவர், பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போவது என்று அவரிடம் கேட்டார்.

"ரெண்டு மணிக்கு நேரா நடங்க. பிறகு பத்து மணி," என்றார் மணியண்ணை.

அந்தப் பெண் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றரை. "அவ்வளவு நேரம் நிக்க ஏலாது அண்ணை. பிள்ளையை எடுக்கோணும்," என்று சொல்லிவிட்டு வேறு ஆளைத் தேடிப் போனார்.

மணியண்ணைக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. எப்போதும் உங்களுக்குப் பின்னால்தான் நிற்பார். ஒரு படியோ மரப்பெட்டியோ கிடைத்தால் அதில் ஏறி நிற்பார். அங்கிருந்து, நீங்கள் செய்யும் வேலையை உங்களைக்கொண்டே செய்விப்பார். முடி வெட்டும் கடையில் முடிவெட்டுபவருக்குப் பின்னால் நின்று, "பொறு… பொறு… இப்ப வெட்டு," என்பார். தெருக் கடக்கும்போது எங்களை நிறுத்திவைத்து, "இப்ப இல்ல… இப்ப இல்ல… இப்ப!" என்பார். அந்த "இப்ப"வுக்கு நாங்கள் ஓடிவிடுவோம். அவர் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிடுவார்.

லா கூர்நெவ் மண்டபத்தில் நடந்த ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் மணவறைக்குப் பின்னால் ஒரு கதிரையில் ஏறி நின்றுகொண்டிருந்தார். படப்பிடிப்பாளர் சரியான இடத்தில் நிற்கவில்லை என்று அவருக்குப் பட்டிருக்கிறது. "பொறு!" என்றார். அவர் சொன்னது படப்பிடிப்பாளருக்கு. பொறுத்தது மாப்பிள்ளை. தாலியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். மேளம் உச்சத்தில் போய்க்கொண்டிருந்தது. "தம்பி, கட்டும், கட்டும், நேரம் போகுது!" என்று ஐயர் கத்தினார். மாப்பிள்ளை மணியண்ணையைத் திரும்பிப் பார்த்தார். மணியண்ணை நிதானமாகத் தலையாட்டிய பிறகுதான் தாலி ஏறியது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு நெடுநாள் தெரியாது. நானும் அவரும் கார் து நோர் புகையிரத நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு பிரெஞ்சுச் சாப்பாட்டுக்கடையில் வேலை செய்தோம். நான் மேசைகளில் பரிமாறுபவன். பதினான்கு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பரிஸ் புறநகரான சார்செலில் படித்ததால் பிரெஞ்சு வாய்த்திருந்தது. அவர் உள்ளே கோப்பை கழுவுபவர். மட்டக்களப்புப் பக்கத்து மனிதர். வந்து ஆறு வருடம். அதில் ஐந்து வருடம் விசா இல்லாமல் போனது. மனைவியும் மகளும் ஊரில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிடுவதற்கு அவருக்கு சேதேஇ வேண்டியிருந்தது. சேதேஇ என்றால் நிரந்தர வேலை ஒப்பந்தம். அவரிடம் இருந்ததோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் தாள். அதைப் பற்றிக் கேட்டால் எங்கள் பத்ரோன், அதாவது முதலாளி, "பார்ப்போம்," என்பார். ஒரு வருடமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பத்ரோன் அறுபதை நெருங்கிய பெரிய உருவம். உலகத்தில் இரண்டு பொருட்களில்தான் அவருக்கு அன்பு. ஒன்று அவருடைய சோஸ். மற்றது டார்பன் என்னும் மீன். ஆளுயரம் வளரும், வெள்ளித் தட்டு மாதிரி செதில் உள்ள கடல்மீன் அது. கண்டல் காட்டுக்குள் கடல் புகுந்து கிடக்கும் ஆழமில்லாத நீரில் திரியும். ஒரு வாய் காற்றுக் குடிப்பதற்கு மேலே வந்து புரளும். இதை வலையால் பிடிக்கக் கூடாது, உயிர் இரை போடக் கூடாது, பிடித்தால் தின்னக் கூடாது. இறகாலும் நூலாலும் கட்டிய பொய்ப் பூச்சி ஒன்றை மெல்லிய தடியால் வீசி ஏமாற்றிப் பிடித்து, திரும்பவும் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். இதற்காக அவர் ஒவ்வொரு பெப்ரவரியும் கடையைப் பூட்டிவிட்டு, பிரான்சுக்குச் சொந்தமான குவாதலூப் தீவுக்கு எட்டு மணிநேரம் பறந்து போவார். ஏழு வருடமாகப் போய்க்கொண்டிருந்தார். ஒன்றும் பிடித்ததில்லை. முதல் வருடமே ஆசையோடு வாங்கி மதுமேடைக்குப் பின்னால் மாட்டிய படச்சட்டம் வெறுமையாகத் தொங்கியது.

பின்னேரம் மூன்று மணிக்குக் கடை ஓய்ந்ததும் அவர் பின்முற்றத்தில் தூண்டில் வீசப் பழகுவார். ஒரு தட்டைத் தூரத்தில் வைத்துவிட்டு, அதில் பொய்ப் பூச்சி விழும்படி வீச வேண்டும். பூச்சி பெரும்பாலும் இரண்டாம் மாடியில் காய்ந்துகொண்டிருந்த ஒரு மதாமின் இரவுடையில் போய் விழும். அப்படி ஒரு பின்னேரம் நான் மேசைவிரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தபோது, கோப்பை கழுவும் அறையின் யன்னலிலிருந்து ஒரு குரல் கேட்டது. ஆங்கிலம்.

"லெவன் ஒ'குளொக்! ஃபோர்ட்டி ஃபீற்! வெயிற்… வெயிற்… நவ்!"

பத்ரோன் தன்னையறியாமல் வீசிவிட்டார். பூச்சி தட்டின் நடுவில் விழுந்தது. அவர் தட்டைப் பார்த்தார். யன்னலைப் பார்த்தார். மணியண்ணை இரண்டு கையிலும் சவர்க்கார நுரையோடு, கவிழ்த்துவைத்த வாளியின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார்.

அன்றைக்குத்தான் கதை வெளியில் வந்தது. சண்டை முடிந்த பிறகு அவருடைய ஊர் வாவிக்கரையில் வெளிநாட்டுக்காரருக்கென்று ஒரு விடுதி திறந்தார்கள். டார்பனின் சின்ன இனம் ஒன்று அந்த வாவியிலும் உண்டு. வெள்ளைக்காரர் தூண்டிலோடு வருவார்கள். இவர் தோணியின் பின்பக்கத்தில் உயரமான பலகையில் நின்று, நீண்ட கம்பை ஊன்றித் தோணியைச் சத்தமில்லாமல் தள்ளுவார். முன்பக்கத்தில் நிற்கிற வெள்ளைக்காரருக்கு மீன் எங்கே என்று சொல்வார். தோணியின் மூக்கு பன்னிரண்டு மணி. அப்படி ஒன்பது வருடம். பிறகு விடுதி கைமாறியது, வேலை போனது, ஆள் இங்கே வந்து சேர்ந்தார். தண்ணீரில் கற்றதைத் தரையில் இறக்கிவைக்க மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

"வெள்ளைக்காரனுக்கு நல்ல கண் இரிக்கு தம்பி. பார்வைதான் இல்ல," என்றார்.

"நீங்கள் எத்தினை மீன் பிடிச்சிருப்பியள் அண்ணை?"

"நானா? ஒண்டும் இல்ல. நான் தடியத் தொட்டதே இல்ல. வழிகாட்டுறவன் தடியத் தொட்டா அது களவு."

அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் நாற்பது சொல். பத்ரோனுக்குத் தெரிந்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான். இரண்டும் மீன்பிடிச் சொற்கள் என்பதால் ஆறு வருடத்தில் முதல்முறையாக இருவரும் ஒருவரையொருவர் விளங்கிக்கொண்டார்கள். அந்தப் பெப்ரவரியில் பத்ரோன் மூன்று விமானச் சீட்டு வாங்கினார். மணியண்ணை வழிகாட்டி. நாற்பது சொல்லுக்கு மேலே தேவைப்பட்டால் நான்.

"மீன் பிடிபட்டால் சேதேஇ," என்று புறப்படும் முன்பு என்னிடம் சொன்னார் பத்ரோன். நான் அதை மொழிபெயர்த்தேன். மணியண்ணை கையிலிருந்த கோப்பையைத் துடைத்து அடுக்கினார். பிறகு, "அந்தாள் எறியிற எறிக்கு என்ர குடும்பம் இந்தச் சென்மத்தில வராது," என்றார்.

குவாதலூப்பில் இறங்கியதும் அவர் குளிர்ச்சட்டையைக் கழற்றினார். பிறகு சப்பாத்தைக் கழற்றினார். விமான நிலைய வாசலிலேயே வெறுங்காலோடு நின்று மூச்சை இழுத்து விட்டார். அப்படி ஒரு முகத்தை நான் கோப்பை கழுவும் அறையில் பார்த்ததில்லை.

எங்களுக்கு அமைந்த படகோட்டி அந்தத் தீவுக்காரர். அவருடைய முன்னோர்கள் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் கொண்டுவரப்பட்ட தமிழர்கள். பார்ப்பதற்கு அப்படியே சார்செலில் இருக்கும் என் சித்தப்பா. மணியண்ணைக்கு ஒரே சந்தோஷம்.

"ஐயா, உங்கட ஊர் எது?" என்று தமிழில் கேட்டார்.

படகோட்டி சிரித்துவிட்டுப் பிரெஞ்சில் ஏதோ சொன்னார்.

"இவர் தமிழ மறந்துட்டார் போல தம்பி."

"அண்ணை, இவரின்ரை பூட்டனே மறந்திட்டார்."

அதை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. ஐந்து நாளும் அந்த மனிதரோடு தமிழிலேயே பேசினார். அந்த மனிதரும் தீவு மொழியான கிரெயோலிலேயே பதில் சொன்னார். இரண்டாம் நாள் மணியண்ணை படகைத் தள்ளும் கம்பைக் கேட்டார். படகோட்டி தயங்கிக்கொண்டே கொடுத்தார். பத்து நிமிடம் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் கம்பைத் திருப்பிக் கேட்கவேயில்லை. மடியில் ஒரு மாம்பழத்தை வைத்து வெட்டித் தின்ன ஆரம்பித்தார்.

மீன் இல்லாமல் இல்லை. எங்களுக்கு வெறும் தண்ணீராகத் தெரிந்த இடத்தில் மணியண்ணைக்கு நிழல் தெரியும். "டென் ஒ'குளொக். சிக்ஸ்ரி ஃபீற். த்ரீ ஃபிஷ்," என்பார். பத்ரோன் வீசுவார். நாளுக்கு மூன்று நான்கு முறை மீன் வந்து வாயைத் திறந்து பூச்சியைக் கவ்வவும் செய்யும். அந்தக் கணத்தில்தான் எல்லாம் பாழாகும். பத்ரோன் சின்ன வயதில் மலையாற்று மீன் பிடித்துப் பழகியவர். மீன் கவ்வியதும் தடியை மேலே தூக்குவார். டார்பனின் வாய் எலும்பு. தடியைத் தூக்கினால் கொக்கி வழுக்கிக்கொண்டு வந்துவிடும். தடியை அசைக்காமல் நூலைக் கையால் இழுக்க வேண்டும்.

முதல் நாள் மணியண்ணை ஆங்கிலத்தில் சொன்னார். இரண்டாம் நாள் என்னைக்கொண்டு சொன்னார். மூன்றாம் நாள் தமிழில் கத்தினார்.

"தம்பி, இந்தாளுக்குச் சொல்லு! தடியத் தூக்காத, நூல இழு எண்டு நூறு தரம் சொல்லியாச்சு. தலைக்கு ரெண்டு பக்கமும் இரிக்கிறது காதா, இல்லாட்டிக் கத்தரிக்காயா எண்டு கேளு!"

நான் பத்ரோனைப் பார்த்து, "மிசியு, நூலை இழுத்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று அவர் நினைக்கிறார்," என்றேன்.

"அவர் இதைவிட நீளமாகச் சொன்னாரே?"

"தமிழ் கொஞ்சம் நீளமான மொழி, மிசியு."

பத்ரோன் தொப்பியை எறிந்து, மணியண்ணையின் பரம்பரையைப் பற்றி ஐந்தாறு வசனம் சொன்னார்.

"என்னவாம்?"

"நன்றியாம் அண்ணை."

"நன்றியச் சொல்லேக்க முகம் என்னத்துக்கு இப்பிடிச் சிவக்குது?"

கடைசி நாள் மத்தியானம்வரைக்கும் ஒன்றும் இல்லை. வெயில் உச்சியில் நின்றது. கண்டல் மரங்களுக்கு நடுவே ஒரு குறுகிய வாய்க்காலிலிருந்து வெளியே வரும்போது மணியண்ணை கம்பை ஊன்றிப் படகை நிறுத்தினார். பிறகு மிக மெதுவாக, "ஒன் ஒ'குளொக்," என்றார். "பிக். வெரி பிக். வெயிற்."

பத்ரோன் வீசினார். அவருடைய வாழ்க்கையிலேயே நல்ல வீச்சு அதுதான். தண்ணீருக்குள் ஏதோ திரும்பியது. நூல் இறுகியது. என்ன நினைத்தாரோ, இந்தமுறை தடியைத் தூக்கவில்லை. நூலை இழுத்தார். ஒருமுறை, இருமுறை, மூன்றுமுறை. அடுத்த கணம், என் தோளளவு வெள்ளி ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வானத்துக்கு எழும்பியது.

டார்பன் துள்ளும்போது நூலைத் தளர்த்த வேண்டும். இல்லாவிட்டால் அறுந்துவிடும். அதற்குத் தடி பிடித்திருப்பவர் மீனை நோக்கிக் குனிந்து கொடுக்க வேண்டும். இதற்கும் ஒரு ஆங்கிலச் சொல் இருக்கிறது. மணியண்ணைக்கு அந்த நேரத்தில் நாற்பது சொல்லும் மறந்துபோயின.

"குனி! குனி! கும்பிடு! தம்பி, கும்பிடச் சொல்லு!" என்று அலறினார்.

எனக்கும் மூளை ஓடவில்லை. "மிசியு, அவருக்கு வணக்கம் சொல்லுங்கள்!" என்று பிரெஞ்சில் கத்தினேன்.

பத்ரோன் நல்ல குடும்பத்துப் பிள்ளை. நூலைப் பிடித்திருந்த இடக்கையை எடுத்து, தொப்பியைக் கழற்றி, மீனுக்கு முன்னால் தலைகுனிந்தார். கை எடுத்ததால் நூல் தளர்ந்தது. மீன் தண்ணீரில் விழுந்தது. நூல் அறுபடவில்லை. அதற்குப் பிறகு அது இன்னும் ஆறுமுறை துள்ளியது. ஆறுமுறையும் பத்ரோன் தொப்பியைக் கழற்றினார். நாலாவது துள்ளலிலிருந்து படகோட்டியும் மரியாதைக்காகத் தன் தொப்பியைக் கழற்ற ஆரம்பித்தார்.

முக்கால் மணிநேரம் கழிய பத்ரோனின் கைகள் உதற ஆரம்பித்தன. தடியைப் பின்பக்கம் நீட்டி, "மணீ, பிடி! பிடி!" என்று கெஞ்சினார்.

மணியண்ணை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "நோ. யுவர் ஃபிஷ்."

பத்ரோன் மண்டியிட்டார். அழுதார். அழுதுகொண்டே இழுத்தார். கடைசியில் மீன் படகுக்குப் பக்கத்தில் வந்து சரிந்தது. மணியண்ணை இடுப்பளவு தண்ணீரில் குதித்து, அதன் கீழ்த்தாடையைப் பிடித்து, கொக்கியைக் கழற்றினார். மீனை முன்னும் பின்னும் மெதுவாக அசைத்தார். அதன் செவுள் பெரிதாக விரிந்து மூடியது.

"படம்! படம்! மேலே தூக்கு!" என்றார் பத்ரோன்.

என் கைத்தொலைபேசி தண்ணீர் புகாத பையில் இருந்தது. மூன்று முடிச்சுப் போட்டு நானே கட்டிய பை. முடிச்சு அவிழவில்லை.

"தூக்க ஏலாது. இதுக்கு மூச்சு முட்டுது," என்றார் மணியண்ணை.

"அண்ணை, ஒரு நிமிசம். அந்தாளின்ரை முகத்தைப் பாருங்கோ."

"நான் மீன்ர முகத்தத்தான் பாக்கிறன்."

"சேதேஇ, அண்ணை!"

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். பயந்த பார்வை அது. நான் சொன்னது அவருக்கு நன்றாகவே விளங்கியது. பிறகு மீனைப் பார்த்தார். அது ஒருமுறை வாலை அடித்தது. அவர் கையை விரித்துவிட்டார்.

நான் எடுத்த ஒரே படத்தில் தண்ணீரில் ஒரு வளையமும் என் பெருவிரலும் இருந்தன.

திரும்பிவரும் விமானத்தில் பத்ரோன் முன்னால் இருந்தார். நாங்கள் கடைசி வரிசையில் இருந்தோம். மணியண்ணை சாப்பாட்டைத் தொடவில்லை. "பயமா இரிக்கு தம்பி," என்றார். "நான் வேணுமெண்டு செய்யல்ல. கை தானா விரிஞ்சிது. ஊரில இரிக்கிற அவளுக்கு நான் என்ன சொல்லுவன்?" நான் என் சாப்பாட்டுத் தட்டிலிருந்த பாண் துண்டைக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பரிஸ்வரைக்கும் வந்தார்.

பத்து நாள் பத்ரோன் எங்களோடு பேசவில்லை. மணியண்ணையின் ஒப்பந்தம் மாத முடிவோடு முடிகிறது. அதைப் பற்றி வாய் திறக்க எனக்குத் துணிவில்லை.

பதினோராம் நாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு வழக்கமாக வரும் வழக்கறிஞர் ஒருவர் வெறும் படச்சட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "இந்த வருடமும் இல்லையா?"

"பிடித்தேன்," என்றார் பத்ரோன். "இவ்வளவு பெரிசு."

"படம்?"

பத்ரோன் வேறு வழியில்லாமல் என் படத்தைக் காட்டினார். வழக்கறிஞர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "நல்ல விரல். எத்தனை கிலோ?" என்றார். பக்கத்து மேசைகளும் சிரித்தன. பத்ரோனின் முகம் தக்காளி ஆகியது. அவர் சமையலறைப் பக்கம் திரும்பி, கடை அதிர, "மணீ!" என்று கூப்பிட்டார்.

மணியண்ணை ஈர மேலங்கியோடு வந்து நின்றார். வேலை போய்விட்டது என்றே நினைத்தாராம். "சொல்லு," என்றார் பத்ரோன்.

மணியண்ணை முதலில் என்னைப் பார்த்தார். பிறகு ஒரு வெற்றுக் கதிரையில் ஏறினார். இல்லாத கம்பை ஊன்றினார். "ஒன் ஒ'குளொக்," என்றார் மெதுவாக. கரண்டிச் சத்தம் நின்றது. நாற்பது சொல்லையும் வைத்துக்கொண்டு, கண்ணாலும் கையாலும் மீதியைச் சொன்னார். நூல் இறுகியது, மீன் எழும்பியது, பத்ரோன் தொப்பி கழற்றியது, மண்டியிட்டு அழுதது, ஒன்றையும் விடவில்லை. அழுத இடத்தில் பத்ரோன் நெளிந்தார். ஆனால் அந்த அழுகைதான் எல்லோரையும் நம்பவைத்தது. தான் அழுததாக யாராவது பொய் சொல்வார்களா? கடைசியில் மணியண்ணை கையை விரித்தபோது வழக்கறிஞர் எழுந்து கைதட்டினார்.

அடுத்த நாள் அவர் இரண்டு நண்பர்களைக் கூட்டிவந்தார். அதற்கடுத்த நாள் ஒரு மேசை நிறைய ஆட்கள். பாலாடைக்கட்டிக்கும் இனிப்புக்கும் நடுவில் மணியண்ணை வந்து கதிரையில் ஏறுவது வழக்கமாகிவிட்டது. கோப்பைகள் குவிந்தன. பத்ரோனே சில நேரம் உள்ளே போய்க் கழுவினார்.

மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை நான் துணிந்து சொன்னேன். "மிசியு, இன்றோடு அவருடைய ஒப்பந்தம் முடிகிறது."

பத்ரோன் குவளை துடைப்பதை நிறுத்தினார். "முடிகிறது என்றால்?"

"திங்கட்கிழமை வரமாட்டார்."

அவர் சுவரில் வெறுமையாகத் தொங்கிய சட்டத்தைப் பார்த்தார். சாட்சி போனால் மீனும் போய்விடும் என்பது அவருக்கு அந்தக் கணத்தில்தான் உறைத்திருக்க வேண்டும். அவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். கணக்காளருக்குத் தொலைபேசி எடுத்து, "சேதேஇ, சேதேஇ, இன்றைக்கே!" என்று கத்தினார்.

பின்னேரம் தாள்கள் வந்தன. கோப்பை கழுவும் அறையில் வைத்து ஒவ்வொரு வரியாக மணியண்ணைக்குத் தமிழில் சொன்னேன். முடிவுத் திகதி என்று இருக்கும் இடத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. "இது வெறுமையா இரிக்கே, எழுத மறந்துட்டாங்களா?" என்று பதறினார்.

"இல்லை அண்ணை. முடிவில்லை. அதுதான் சேதேஇ."

அவர் கையைத் துடைத்து, கவனமாகக் கையெழுத்து வைத்தார். என்னை வெளியே போகச் சொன்னார். நான் மேசைவிரிப்பு மடித்துக்கொண்டிருந்தேன். கழுவ ஒரு கோப்பையும் இல்லாத தொட்டியில் தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

மனைவியும் மகளும் வந்துசேர இன்னும் ஒன்றரை வருடம் ஆனது. பரிஸுக்கு வெளியே ஓல்னே-சூ-புவாவில் ஒரு சின்ன வீடு எடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். சோறு, பருப்பு, சொதி, ஒரு பெரிய தட்டு நிறையப் பொரித்த மீன். அக்கா, அதாவது அவருடைய மனைவி, வாவிக்கரையில் வலை வீசியவரின் மகள். மீன் பொரிப்பதில் அவரை மிஞ்ச லாச்சப்பலில் ஆள் இல்லை. மகளுக்கு ஒன்பது வயது. தொலைபேசியில் மட்டும் பார்த்து வளர்ந்த அப்பா இப்போது நேரில் இருப்பது அவளுக்கு இன்னும் பழகவில்லை. தாயின் சேலைக்குப் பின்னாலேயே நின்றாள். அவர் கூப்பிட்டால் தாயிடம் பதில் சொன்னாள்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அக்கா கேட்டார். "தம்பி, நீங்களும் அந்தத் தீவுக்குப் போனதானே? அந்த மீனால வேலை போகப் பாத்ததாம் எண்டு சொன்னார். ஒரு முழ மீனுக்கா இவ்வளவு பாடு?"

"முழமோ?" என்றேன். சோற்றுக் கையோடு இரண்டு கையையும் விரித்தேன். போதவில்லை. கதிரையிலிருந்து எழுந்து தோளில் கைவைத்துக் காட்டினேன். "இவ்வளவு உயரம் அக்கா."

காட்டிக்கொண்டிருக்கும்போதே மணியண்ணையின் முகத்தைப் பார்த்தேன். அவர் எனக்குக் கண்ணால் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பிந்திவிட்டது.

"தோள் உயரமா?" என்றார் அக்கா.

"ஓம் அக்கா."

அக்கா கணவர் பக்கம் திரும்பினார். "தோள் உயர மீன் ஒண்டக் கையில பிடிச்சிட்டு, விட்டுட்டா வந்தீங்க?"

"அது அங்கத்தச் சட்டம்…"

"முழ மீன் எண்டுதானே என்னட்டச் சொன்னீங்க?"

"முழம் எண்டு சொன்னது, நீ கவலப்படுவாய் எண்டு…"

"ரெண்டு குடும்பம் ஒரு கிழமைக்குத் திங்கிற மீன்!"

அவர் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். அக்கா பொரித்த மீன் தட்டை எடுத்தார். அது அவரைத் தாண்டி வந்து என் முன்னால் அமர்ந்தது. என் தட்டில் மூன்று துண்டு விழுந்தது. மகளின் தட்டில் இரண்டு. பிறகு தட்டு திரும்பிச் சமையலறைக்குப் போய்விட்டது. அவருடைய தட்டில் பருப்பும் சொதியும் மட்டும்.

மகள் தகப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய மனிதர் ஒருவர் இப்படி ஏச்சு வாங்கி அவள் பார்த்திருக்கமாட்டாள் போல. முதலில் வாயைப் பொத்தினாள். பிறகு அடக்கமுடியாமல் சிரித்துவிட்டாள். சமையலறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். தன் தட்டிலிருந்து பெரிய துண்டை எடுத்து அவருடைய சோற்றின் மேல் வைத்தாள்.

"தின்னுங்க அப்பா, கெதியா. அம்மா வரப்போறா."

அவர் முள்ளைக்கூட எடுக்காமல் தின்றார்.